‘நரம்பு’ என்ற சொல் யாரையும் கொல்வதில்லை

நீளமான பதிவு. கோபத்தோடு எழுதத் தொடங்கி, மூன்று நாள் ஆறப்போட்டு, மீண்டும் எழுதியது. கோபம் முழுவதும் வடிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

தில்லியில் என்னோடு முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தோழி ஒருவருக்குச் சென்ற பருவத்தில் இடது கெண்டைக்காலில் வலி எடுத்தது. அவர் போஜ்புரி பேசும் ஊரிலிருந்து வந்தவர். பல்கலைக்கழகச் சுகாதார மையத்துக்குச் சென்று, “நஸ் சட் கயீ ஹை” என்றார். நம் ஊரில் ‘நரம்பு பிடித்துக்கொண்டது’ என்று சொல்வோமே, ஏறத்தாழ அதுதான். பணியில் இருந்த மருத்துவர் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவர் சொன்ன சொற்களையே நோயின் பெயராகச் சீட்டில் எழுதி, வலி போக்கும் மாத்திரையும் ஒரு க்ரேப் பேண்டேஜும் கொடுத்து அனுப்பினார். விடுதியில் அறைத்தோழி அன்போடு கடுகெண்ணெய் காய்ச்சி இரண்டு இரவுகள் தேய்த்துவிட்டார். ஐந்தாம் நாள் நூலகப் படிக்கட்டின் பாதியில் தோழிக்கு மூச்சு முட்டியது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் எடுத்த ஸ்கேன்கள் இடது தொடையின் ஆழ்சிரையில் நீண்ட இரத்தக்கட்டி இருப்பதையும், அதிலிருந்து உடைந்த துண்டுகள் நுரையீரல் தமனிக்குள் போய் அடைத்திருப்பதையும் காட்டின. பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். அவருடைய அனுமதியோடும், இப்பதிவை அவரே ஒருமுறை திருத்திக் கொடுத்த பின்னும்தான் இதை எழுதுகிறேன்.

என் கோபம் அந்த மருத்துவரோடு நின்றிருந்தால் இப்பதிவு தேவைப்பட்டிருக்காது. எங்கள் துறை வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, படித்தவர்கள், அதிலும் மொழியியல் படித்தவர்கள், இரண்டு விளக்கங்களைச் சொல்லி நிம்மதியடைந்தார்கள். ஒன்று: “நம் மொழிகளில் சிரைக்கும் நரம்புக்கும் தனித்தனிச் சொல் வழங்குவதில்லை. நோயாளி துல்லியமாகச் சொல்ல முடியாதபோது மருத்துவர் என்ன செய்வார்?” இரண்டு: “ஒரே நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் ஆகும். ஓடாத நீர் பாசி பிடிக்கும், ஓடாத இரத்தம் உறையும்.” முதலாவது பழியை மொழியின்மேல் போடுகிறது, இரண்டாவது நோயாளியின்மேல் போடுகிறது. இரண்டுமே தவறு என்பதுதான் என் வாதம். மருத்துவப் பட்டம் என்னிடம் இல்லை. ஆனால் தோழி மருத்துவமனையில் இருந்த நாட்களில் அவர் படுக்கைக்கு அருகிலிருந்து இது தொடர்பான கட்டுரைகளைத் தேடித்தேடிப் படித்தேன். படித்தவை என்னை வெட்கப்பட வைத்தன.

மொழியிலிருந்து தொடங்குகிறேன், அது என் துறை என்பதால். தமிழில் ‘நரம்பு’ என்ற சொல் யாழின் தந்தியைக் குறிக்கும். இலையில் ஓடும் கோடுகளைக் குறிக்கும். கையில் புடைத்துத் தெரியும் நீலச் சிரையைக் குறிக்கும். மூளையிலிருந்து இறங்கும் நரம்பையும் குறிக்கும். ‘நரம்பில் ஊசி போட்டார்கள்’ என்றால் சிரையில் போட்டார்கள் என்று பொருள். ‘நரம்பு சுருட்டல்’ என்பது சிரை விரிந்து முறுக்கிக்கொள்வது. இந்தியின் ‘நஸ்’ இதே வேலையைச் செய்கிறது. இதை ‘நம் மொழிகளின்’ குறையாகப் பேசுபவர்களுக்கு ஒரு செய்தி: கிரேக்கத்தின் ‘நியூரோன்’ முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்த சொல், இலத்தீனின் ‘நெர்வுஸ்’ அதே வழியில் வந்தது. உடலுக்குள் இழைபோல் இழுபட்டுக் கிடக்கும் எதையும் ஒரே பெயரால் அழைப்பது மனிதர்களின் பொதுப் பழக்கம். உடலை அறுத்துப் பார்த்தவர்கள் பிற்காலத்தில் அச்சொற்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தப் பங்கீடு நோயாளிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த ஊர் மருத்துவமும் எதிர்பார்த்ததில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல்பொருண்மை என்பது குழப்பம் அன்று. பேச்சில் ஒரு சொல்லின் பொருளைச் சூழல் தீர்மானிக்கிறது. சூழல் போதாவிட்டால் கேட்பவர் இன்னொரு கேள்வி கேட்கிறார். முதலாண்டு மாணவருக்கும் நாம் கற்பிக்கும் பாடம் இது. ‘கால்’ என்ற சொல் காற்றையும், நான்கில் ஒரு பங்கையும், உடலுறுப்பையும் குறிக்கிறது என்பதற்காக எவரும் காலில் அடிபட்டுக் காற்றுக்கு மருந்திடவில்லை. தோழி ஆங்கிலத்தில், பிழையற்ற உச்சரிப்பில், ‘கெண்டைக்கால் வலிக்கிறது’ என்று சொல்லியிருந்தாலும் அது தசைப்பிடிப்பா சிரையடைப்பா என்பது அந்த வாக்கியத்திலிருந்து தெரிந்திருக்காது. நோயின் பெயரைச் சொல்வது நோயாளியின் வேலை இல்லை. அவர் சொல்வது வலியை. பெயரைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குபவர் மேசைக்கு மறுபுறம் அமர்ந்திருக்கிறார்.

இனி ‘ஓடாத நீர்’ உவமை. இது அழகாக இருப்பதாலேயே ஆபத்தானது. 1863-இல் ஜோசப் லிஸ்டர், அறுவைச் சிகிச்சையில் கிருமிநீக்கத்தைக் கொண்டுவந்த அதே லிஸ்டர், இலண்டன் இராயல் சொசைட்டியில் இரத்தம் உறைவதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். விலங்கின் கழுத்துச் சிரையை இரு முனையிலும் கட்டி, இரத்தத்தோடு வெட்டி எடுத்து வைத்தால், உள்ளே சற்றும் ஓட்டமில்லாத அந்த இரத்தம் பல மணி நேரம் உறையாமல் இருப்பதை அவர் காட்டினார். அதே இரத்தத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினால் சில நிமிடங்களில் உறைந்துவிடும். ஆக, நிற்பதால் மட்டும் இரத்தம் உறைவதில்லை. அது எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பது முக்கியம். சிரையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய செல்லடுக்கு, உறைதலைத் தடுக்கும் புரதங்களைத் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டிருக்கிறது. அது நலமாக இருக்கும்வரை நின்ற இரத்தமும் நீர்மமாகவே இருக்கும்.

அப்படியானால் ஓட்டம் குறைவதற்கும் கட்டி உண்டாவதற்கும் என்ன தொடர்பு? 1950-களில் ஸ்டான்போர்டு வெஸ்லர் என்ற அமெரிக்க மருத்துவர் விலங்குகளில் செய்த சோதனைகள் இதற்கு ஒரு பாதி விடை தந்தன. உறைதலைத் தூண்டும் ஆற்றல் பெற்ற சீரத்தை உடலுக்குள் செலுத்தினார். ஓட்டம் இருந்த சிரைகளில் ஒன்றும் ஆகவில்லை. கட்டுப்போட்டு ஓட்டத்தை நிறுத்திய சிரைத் துண்டில் மட்டும் சில நிமிடங்களில் கட்டி உருவாயிற்று. தூண்டுதல் மட்டும் போதவில்லை, தேக்கம் மட்டும் போதவில்லை, இரண்டும் சேர வேண்டியிருந்தது. ஓடும் இரத்தம், உறைதலைத் தொடங்கிவிட்ட புரதங்களைக் கரைத்து இழுத்துச் சென்றுவிடுகிறது. தடுப்புப் புரதங்களைப் புதிதாகக் கொண்டுவருகிறது. ஓட்டம் தளர்ந்த இடத்தில் அவை அங்கேயே குவிகின்றன.

மறுபாதி விடை சிரையின் வால்வுகளில் இருக்கிறது. இதயத்தை நோக்கி மேலேறும் இரத்தம் கீழே வழிந்துவிடாமல் காலின் சிரைகளில் வால்வுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வால்வின் பின்னாலும் ஒரு சிறு பை போன்ற குழிவு. நடக்கும்போது கெண்டைத்தசை சுருங்கிச் சிரையைப் பிழிகிறது. பையிலிருக்கும் இரத்தமும் அப்போது கலங்கி வெளியேறுகிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும் அழுத்தம், நடக்கத் தொடங்கியதும் 30-ஐ ஒட்டி இறங்கிவிடுவது இத்தசையின் வேலையால்தான். தசை ஓய்ந்தால் பையின் அடியிலுள்ள இரத்தம் அங்கேயே மெல்லச் சுழல்கிறது. அதிலிருக்கும் ஆக்சிஜனை அக்கம்பக்கத்துச் செல்கள் உண்டுவிடுகின்றன. புதிய ஆக்சிஜன் வருவதில்லை. மூச்சுத்திணறும் உட்சுவர்ச் செல்கள் தம் இயல்பை மாற்றிக்கொள்கின்றன. உறைதலைத் தடுத்துக்கொண்டிருந்த அதே மேற்பரப்பு, வெள்ளணுக்களையும் தட்டணுக்களையும் பற்றி இழுக்கும் பசைப் பரப்பாகிறது. 1974-இல் பர்மிங்காமின் சைமன் செவிட், இறந்தவர்களின் தொடைச் சிரைகளை ஆராய்ந்து, மிகச் சிறிய தொடக்கநிலைக் கட்டிகள் இந்த வால்வுப் பைகளில் இருப்பதைக் காட்டினார். 2012-இல் மியூனிக் ஆய்வாளர்கள் எலியின் பெருஞ்சிரையை முழுதும் அடைக்காமல், உட்சுவரைக் காயப்படுத்தாமல், ஓட்டத்தை மட்டும் குறுக்கிப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் சுவரில் வந்து ஒட்டின. ஒருவகை வெள்ளணு உறைதலைத் தொடங்கி வைத்தது. இன்னொரு வகை தன் டி.என்.ஏ.வையே வலையாக விரித்துக் கட்டிக்குச் சட்டகம் அமைத்தது. பாசி பிடிப்பது போன்ற சோம்பலான நிகழ்ச்சி இதில் எங்கும் இல்லை. ஓட்டம் குறுகியதை உடல் ஒரு காயத்தைப் போலப் படித்து, தற்காப்புக்குப் பாய்கிறது. (இங்கேயும் தமிழில் ஒரே சொல்தான்: காயத்தில் உயிர் காப்பதும் ‘இரத்தம் உறைதல்’, சிரையில் உயிர் பறிப்பதும் ‘இரத்தம் உறைதல்’. இம்முறை சொல்லின் பொதுமையில் உண்மையே இருக்கிறது.)

இந்த விவரங்களையெல்லாம் எதற்காக அடுக்குகிறேன்? உவமை மறைத்ததை இவை காட்டுகின்றன. ‘ஓடாத நீர்’ என்று சொன்னவுடன் காரணம் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஒன்றும் நோயாளியின் பழக்கமாகிவிடுகிறது. உண்மையில் ஓட்டம், சுவர், இரத்தத்தின் தன்மை என்று மூன்றும் கூடுகின்றன. மருத்துவ மாணவர்கள் இதை ‘விர்ச்சோவின் மும்மை’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். ருடால்ஃப் விர்ச்சோ 1856-இல் வெளியிட்ட நூலில் இம்மூன்றையும் இன்றைய வாய்பாட்டு வடிவில் எங்கும் சொல்லவில்லை என்பதும், இருபதாம் நூற்றாண்டினர் அவர் பெயரை அதில் ஒட்டினார்கள் என்பதும் வேறு கதை. பெயர்சூட்டல் என்றால் எனக்குக் கை அரிக்கும். விடுகிறேன்.

தோழியின் கதைக்கு வருகிறேன். அவருக்கு வந்தது இடது காலில். இடதுகாலின் சிரை வயிற்றுக்குள் ஏறும் வழியில், வலதுகாலுக்குச் செல்லும் தமனி அதன்மேல் குறுக்காகக் கிடக்கிறது. முதுகெலும்புக்கும் துடிக்கும் தமனிக்கும் நடுவில் சிரை நசுங்குகிறது. இடதுகாலில் கட்டிகள் அதிகம் வருவதை விர்ச்சோவே கவனித்திருந்தார். 1957-இல் மே, தர்னர் என்ற இருவர் 430 சடலங்களை ஆராய்ந்து, ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்டவற்றில் அவ்விடத்தில் சிரைக்குள் தழும்பு போன்ற தடிப்பு இருப்பதைக் கண்டார்கள். கர்ப்பிணிகளுக்கு வரும் ஆழ்சிரைக் கட்டிகளில் பெரும்பாலானவை இடதுபுறத்தில் வருவதற்கு இதுவே முதன்மையான காரணம். நாற்காலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிறக்கும்போதே அமைந்த உடலின் வரைபடம் இது.

இரண்டாவது செய்தி எனக்கு இன்னும் உறுத்துகிறது. மாதவிடாய் ஒழுங்கின்மைக்காகத் தோழி மூன்று மாதங்களாக ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். ஈஸ்ட்ரோஜன் கலந்த அம்மாத்திரைகள் உறைவுப் புரதங்களைக் கூட்டி, தடுப்புப் புரதங்களைக் குறைக்கின்றன. இது நேற்றுக் கண்டுபிடித்த செய்தியும் அன்று. 1961-இல் ஓர் ஆங்கிலேய மருத்துவர் ‘லான்செட்’ இதழுக்கு எழுதிய கடிதம்தான் இதன் முதல் எச்சரிக்கை. அதில் சொல்லப்பட்ட செவிலியும் கருத்தடைக்காக மாத்திரை எடுக்கவில்லை. கருப்பை அகப்படல நோய்க்காக எடுத்தார். நுரையீரலில் கட்டி அடைத்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சுகாதார மையத்தில் “வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா, அம்மா?” என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். திருமணமாகாத பெண்ணிடம் அப்படிக் கேட்பது நாகரிகமில்லை என்று நினைத்திருப்பார்களோ, கேட்கவே தோன்றவில்லையோ, நான் அறியேன். கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு இந்தியில் சொல் இல்லையென்று யாரேனும் சொன்னால் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

உட்கார்ந்திருப்பதில் ஆபத்தே இல்லை என்று நான் வாதிடவில்லை. 1940-இல் இலண்டன்மேல் குண்டு விழுந்த மாதங்களில், நிலவறைகளில் மடக்கு நாற்காலியில் இரவு முழுதும் அமர்ந்து உறங்கியவர்கள் சிலர் நுரையீரல் அடைப்பால் இறந்ததைக் கீத் சிம்ப்சன் என்ற தடயவியல் மருத்துவர் பதிவுசெய்தார். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் பின்புறத்தை அழுத்தியது. அவர்கள் சோம்பேறிகளாக இருந்ததால் அங்கே உட்காரவில்லை. 2003-இல் நியூசிலாந்தில், நாள்தோறும் பல மணி நேரம் கணினி முன் அமர்ந்திருந்த ஓர் இளைஞருக்கு வந்த அடைப்பைப் பற்றிய அறிக்கையும் உண்டு. ஆனால் அளவை மறக்கக் கூடாது. 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் ஆபத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. இரு மடங்கு என்றதும் அச்சமாக இருக்கும். அத்தகைய விமானப் பயணத்துக்குப் பின் பாதிக்கப்படுபவர் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவர். விமானம் மட்டுமன்று, பேருந்தும் இரயிலும் காரும் இதில் அடக்கம். மிக உயரமானவர்களுக்கும், கால் தரையில் எட்டாத குள்ளமானவர்களுக்கும் விமானத்தில் ஆபத்து சற்று அதிகம். அப்படியிருக்க 1977-இல் இதற்குக் கிடைத்த பெயர் ‘எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்’. முதல் வகுப்பில் போகிறவருக்கும் வரும், தில்லியிலிருந்து சென்னைக்கு இரயிலில் இரண்டு இரவு போகிறவருக்கும் வரும் ஒன்றை, மலிவு விமானச் சீட்டின் பெயரால் அழைத்தார்கள். மொழியைக் குற்றம் சொல்லத்தான் வேண்டுமென்றால் இந்தப் பெயரைச் சொல்லலாம். ‘நஸ்’ என்ற சொல் எதையும் விலக்கவில்லை. இப்பெயரோ இந்நோய் விமானம் ஏறுகிறவர்களுடையது என்று பல மருத்துவர்களின் மனத்திலும் பதிய வைத்துவிட்டது.

கடுகெண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். கட்டி இருக்கும் காலை அழுத்தித் தேய்த்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இதே தில்லியில், கணுக்கால் முறிவுக்கு மாவுக்கட்டு போட்டிருந்த ஓர் இளைஞர், கட்டு பிரித்தபின் இருந்த வலிக்காக வீட்டில் எண்ணெய் தேய்த்தபோது இறந்ததைத் தடயவியல் மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதினார்கள். 2017-இல் நாளிதழ்களிலும் வந்தது. மாவுக்கட்டு கெண்டைத்தசையைப் பல வாரம் கட்டிப்போடுகிறது, வால்வுப் பைகள் கழுவப்படாமல் கிடக்கின்றன. கட்டுப் போட்டவர்கள் இதை அந்த வீட்டாரிடம் சொல்லியிருந்தார்களா என்ற கேள்வியை விட்டுவிட்டு, நாளிதழ் வாசகர்கள் ‘நாட்டு வைத்திய மூடநம்பிக்கை’ என்று அந்தத் தாயைக் கடிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வாசிப்பு வட்டத்தின் மனநிலையும் இதுதான். தோழியின் அறைத்தோழி இன்றுவரை குற்றவுணர்வில் உழல்கிறார். ‘தேய்க்காதே’ என்ற ஒற்றைச் சொல்லை மருந்துச் சீட்டில் எழுதாதவருக்கு அந்த உணர்வு இருப்பதாகத் தெரியவில்லை.

என்ன செய்திருக்க வேண்டும்? பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தையற்காரரின் இஞ்ச் டேப் போதும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு புடைத்திருக்கும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, இரு கெண்டைக்கால்களையும் சுற்றி அளக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைவிட 3 சென்டிமீட்டருக்குமேல் பருத்திருந்தால், கனடாவில் உருவாகி உலகெங்கும் பயன்படும் வெல்ஸ் மதிப்பீட்டில் அதற்கு ஒரு புள்ளி. அண்மையில் அறுவைச் சிகிச்சையோ மாவுக்கட்டோ உண்டா, முன்பு கட்டி வந்ததுண்டா, புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறதா என்று கேள்விகள் தொடரும். அதோடு, மதிப்பீட்டில் இல்லாவிட்டாலும், கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை, குடும்பத்தில் யாருக்கேனும் வந்ததுண்டா என்பவையும். ஐயம் இருந்தால் டீ-டைமர் இரத்தப் பரிசோதனை அல்லது டாப்ளர் ஸ்கேன். ஸ்கேன் செய்பவர் கருவியால் சிரையை அழுத்துவார். நலமான சிரை அமுங்கும், கட்டி உள்ள சிரை அமுங்காது. தோழி மருத்துவமனையில் சேர்ந்த அன்று அவருடைய இரு கால்களுக்கும் இருந்த வேறுபாடு நான்கரை சென்டிமீட்டர். ஐந்து நாள் முன்பு எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்ல யாராலும் முடியாது, எவரும் அளக்கவில்லை.

நம் துறையிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. உடலுறுப்புப் பெயர்களின் சொற்பொருள் வலை பற்றி நாம் எழுதிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. நானே முதுகலையில் ஒன்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். போஜ்புரி பேசுபவர் ‘நஸ்’ என்று எவற்றையெல்லாம் சொல்வார், தமிழர் ‘நரம்பு’ என்று எவற்றையெல்லாம் சொல்வார், அதைக் கேட்டவுடன் மருத்துவர் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று இரண்டு பக்கத்தில் எழுதி ஒரு சுகாதார மையத்தின் மேசையில் வைக்க நமக்குத் தோன்றவில்லை. சொல் பல பொருள் தருகிறது என்று கண்டுபிடித்ததோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டு, இப்போது அதே பல்பொருண்மையை ஒரு மருத்துவரின் கவனக்குறைவுக்குச் சாட்சியாக அழைத்து வருகிறோம்.

அந்த இரண்டு பக்கத்தை இப்போது எழுதியிருக்கிறோம். இந்தி, போஜ்புரி, தமிழ், மலையாளம், வங்காளம் ஆகியவற்றில் முடிந்தது. மைதிலியும் மணிப்புரியும் பாதியில் நிற்கின்றன, அவற்றைப் பேசுபவர்கள் தொடர்புகொள்ளுங்கள். மருத்துவப் பகுதியை ஓர் இதயநோய் மருத்துவர் பார்த்துத் திருத்தித் தந்தார். அதோடு இணைத்த கோரிக்கை மனுவில் மூன்றே வரிகள்: கால் வலியோடு வருபவரின் இரு கால்களையும் அளந்து சீட்டில் எழுதுக, மேற்சொன்ன கேள்விகளைக் கேட்டு விடையையும் எழுதுக, ஐயமுள்ளவரை அன்றே ஸ்கேனுக்கு அனுப்புக. மனு துறை அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிவரை இருக்கும். முதல் கையெழுத்து தோழியுடையது. இரண்டாவது அவருடைய அறைத்தோழியுடையது.